‘பொறுப்புடன் விளையாடவும்’: யாருடைய பொறுப்பு?

ஆன்லைன் ரம்மி விளம்பரங்களின் கடைசி நொடிகளில் ஒரு குரல் ஒப்பிக்கும். இந்த விளையாட்டில் பண இழப்புக்கு வாய்ப்புண்டு, இது அடிமைப்படுத்தக்கூடியது, பொறுப்புடனும் உங்கள் சொந்தப் பொறுப்பிலும் விளையாடவும். இந்தியாவில் இந்த வாசகத்தைக் கொண்டுவந்தது அரசு அல்ல. விளம்பரத் துறை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட தர மன்றம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த நெறிமுறை அது. அச்சு விளம்பரம் என்றால் 20 விழுக்காடு இடம் எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும். மீதி 80 விழுக்காட்டில் நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டு சீட்டு விரிக்கலாம்.

அந்த வாசகத்தில் ‘பொறுப்பு’ இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதல் பொறுப்பு அறிவுரை. இரண்டாவது பொறுப்பு ரசீது. ‘சொன்னோம், கேட்கவில்லை, இனி எங்களைக் கேட்காதீர்கள்’ என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் ரசீது.

‘அதுதான் தடை செய்துவிட்டார்களே, இன்னும் ஏன் இதைப் பேச வேண்டும்?’ என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது உண்மை. நிறுவனங்கள் அதை எதிர்த்து உடனே நீதிமன்றப் படியேறியதும், வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டதும் உண்மை. அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘பொறுப்பான விளையாட்டு’. தடை வேண்டாம், எச்சரிக்கையும் சுயகட்டுப்பாடும் போதும் என்பதே அதன் சாரம். ஆகவே கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எச்சரிக்கை வாசகம் சூதாட்டத்தின் கேட்டைக் குறைக்கிறதா?

குறைப்பதில்லை. அதை எழுதியவர்களுக்கே இது தெரியும் என்று நினைக்க எல்லாக் காரணங்களும் உள்ளன.

பிரிட்டன் சொல்லும் பாடம்

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே பெரிய பந்தய நிறுவனங்கள் சேர்ந்து செனெட் குரூப் என்ற அமைப்பை ஏற்படுத்தி, 2015 முதல் ஒரு வாசகத்தை ஊரெங்கும் ஒட்டின. மகிழ்ச்சி நின்றால் நீங்களும் நிறுத்துங்கள் என்பது அதன் பொருள். கால்பந்து ஒளிபரப்பு, பந்தயக் கடைச் சன்னல், கைப்பேசித் திரை என எங்கும் அது இருந்தது. அதில் மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘ஃபன்’ என்ற சொல் மட்டும் மற்றச் சொற்களைவிடப் பல மடங்கு பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் விழுவது அந்த ஒரு சொல்தான். எச்சரிக்கைப் பலகையே விளம்பரப் பலகையாகிவிட்டது.

வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பந்தயம் கட்டிப் பழகிய 506 கால்பந்து ரசிகர்களுக்குப் பந்தய வாய்ப்புகள் தரப்பட்டன. சிலருக்கு வாசகத்துடன், சிலருக்கு வாசகம் இல்லாமல். வாசகம் இல்லாதபோது 37.8 விழுக்காடு வாய்ப்புகளில் பந்தயம் கட்டினார்கள். வாசகம் இருந்தபோது 41.3 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது அல்ல. எனவே வாசகம் சூதாட்டத்தைத் தூண்டுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குறைக்கிறது என்பதற்கு அங்கே ஒரு துளிச் சான்றும் இல்லை.

விமர்சனம் வலுத்ததும் அந்தப் பெரிய எழுத்து சிறிதானது. பிறகு 2021இல் புதிய வாசகம் வந்தது. சற்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அது. அதையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆட்டக்காரர்களின் நடத்தையில் நம்பத்தகுந்த மாற்றம் எதுவும் தென்படவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா வாசகங்களும் ஒன்றல்ல. ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் வரியைவிட, ஆட்டத்தை நடுவில் மறித்து, இவ்வளவு நேரம் ஆடிவிட்டீர்கள் என்று திரையை மூடும் அறிவிப்பு மேலானது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மேலானது என்றால் எவ்வளவு? உண்மையான இணையவழி சூதாட்டத் தளம் ஒன்றில், இடைவிடாமல் 1000 சுற்று ஆடியவர்களுக்கு இப்படி ஓர் அறிவிப்பைக் காட்டிப் பார்த்தார்கள். சாதாரண வாசகம் வந்தபோது 0.67 விழுக்காடு ஆட்டங்கள் அங்கேயே நின்றன. உளவியல் அறிவோடு திருத்தி எழுதிய வாசகம் வந்தபோது 1.39 விழுக்காடு நின்றன. பலன் இரட்டிப்பு என்று இதற்குத் தலைப்பு வைக்கலாம். நூற்றில் தொண்ணூற்றெட்டு ஆட்டங்கள் நிற்கவே இல்லை என்றும் தலைப்பு வைக்கலாம்.

நம் ஊரில் நடந்த சோதனை

வெள்ளைக்காரர் ஆய்வு நமக்குப் பொருந்துமா என்பவர்களுக்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. அது சீட்டாட்டத்தில் இல்லை, பங்குச்சந்தையில் இருக்கிறது. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில், கைப்பேசிச் செயலி வழியாகச் சில நிமிடங்களுக்குப் பணம் போட்டு எடுக்கும் இளைஞர்களுக்கு அது முதலீடு அல்ல, பந்தயம்.

சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 ஜூலை முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. செயலிக்குள் நுழையும்போதே எச்சரிக்கை தோன்ற வேண்டும்: பத்தில் ஒன்பது தனிநபர்கள் இதில் நட்டமடைகிறார்கள். இதைவிட நேர்மையான, கூர்மையான வாசகத்தை எழுத முடியாது. பூசி மெழுகவில்லை, ‘பொறுப்புடன்’ என்ற உபதேசம் இல்லை. அப்பட்டமான உண்மை, ஒவ்வொரு முறை நுழையும்போதும், முகத்துக்கு நேரே.

என்ன நடந்தது? 2021-22இல் சுமார் 51 லட்சமாக இருந்த தனிநபர் வணிகர்கள் 2023-24இல் சுமார் 96 லட்சம் ஆனார்கள். அந்த மூன்றாண்டுகளில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வாசகம் வந்த பிறகான 2024-25இலும் 91 விழுக்காட்டினர் இழந்தார்கள். இழப்பு ஒரே ஆண்டில் 1 லட்சம் கோடியைத் தாண்டியது. இவை எல்லாம் செபியே வெளியிட்ட கணக்குகள். 2023-24இல் இந்த வணிகம் செய்தவர்களில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று சொல்லியிருந்தவர்கள்.

எண்ணிக்கை எப்போது குறைந்தது? 2024 நவம்பர் முதல் செபி ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச அளவை உயர்த்தியது, வாராந்திர ஒப்பந்தங்களை வெட்டியது. அதன் பிறகான மாதங்களில் தனிநபர் வணிகர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 20 விழுக்காடு சரிந்தது. மனிதரிடம் பேசிப் பார்த்தபோது கூட்டம் இரட்டித்தது. இயந்திரத்தின் திருகாணியைத் தொட்டபோது கூட்டம் குறைந்தது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் எது எதைச் செய்தது என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமா?

அறிவுரை சூதை நிறுத்துமென்றால் தமிழ்நாட்டில் சூதே இருந்திருக்கக் கூடாது. சூதுக்கென்றே தனி அதிகாரம் வைத்து வள்ளுவர் பத்துக் குறள் எழுதிய மொழி இது. பாரதக் கதையில் நாடும் மனைவியும் சூதில் போன காட்சியைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கேடு என்று தெரியாமல் யாரும் ஆடவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சூதாட்டக் கோளாறை ஒரு நோயாக வரையறுக்கிறது. அதன் முதல் அறிகுறியே கட்டுப்பாடு இழப்பு. அப்படியென்றால், கட்டுப்பாட்டோடு ஆடு என்று அவரிடம் சொல்வது, காய்ச்சல்காரரிடம் சூடாக இருக்காதே என்று சொல்வதற்குச் சமம். கட்டுப்பாடு உள்ளவருக்கு அந்த வாசகம் தேவையில்லை. இழந்தவருக்கு அது பயன்படாது.

செயலி அந்த வாசகத்தோடு மட்டுமா வருகிறது? சேர்ந்தவுடன் ‘போனஸ்’ தருகிறது. நான்கு நாள் திறக்காவிட்டால், உங்களுக்காகப் பரிசு காத்திருக்கிறது என்று இரவில் மணியடிக்கிறது. தோற்ற பணத்தில் கொஞ்சம் ‘கேஷ்பேக்’ போட்டு மறுபடி அழைக்கிறது. ஒரு விரல் தொடுதலில் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை இழுக்கிறது. இவ்வளவையும் வடிவமைக்கப் பொறியாளர்களும் தரவு வல்லுநர்களும் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு எதிராகத் தனியாக நிற்கும் தினக்கூலிக்காரருக்கு நாம் கொடுக்கும் ஆயுதம் ஒரே ஒரு வரி.

சிகரெட் அட்டையின் எச்சரிக்கை பலன் தரவில்லையா என்று கேட்கலாம். தந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. விளம்பரத் தடை, பொது இடத் தடை, வரி, அட்டையின் 85 விழுக்காட்டை அடைக்கும் படம் ஆகியவற்றோடு வந்தது. சிகரெட் பெட்டி நள்ளிரவில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை.

‘திறமை’ என்ற பழைய பொய்

இந்த வாசகம் நமக்குப் புதிதல்ல. நீ அனுபவிப்பது உன் வினை என்று சாதியம் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்ததன் செயலி வடிவம் இது. கட்டமைப்பு செய்த கேட்டைத் தனிமனிதரின் குணக்கேடாக மாற்றிக் காட்டுவதே இரண்டின் வேலையும். சேரி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று கேட்டால் கர்மம். படிப்பு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் தகுதி இல்லை. பணம் ஏன் போனது என்று கேட்டால் பொறுப்பாக ஆடவில்லை.

ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பின என்று நினைத்துப் பாருங்கள். ‘திறமை’. இட ஒதுக்கீட்டை எதிர்க்க எந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்களோ, அதே சொல். ரம்மி திறமை விளையாட்டு என்பதால் அது சூதாட்டம் ஆகாது என்பது வாதம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் மீண்டும் சட்டம் வந்தது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் உயர் நீதிமன்றம் நீக்கியது.

இதற்கெல்லாம் அடிப்படை 1967இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய சத்தியநாராயணா தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் உறுப்பினர்கள் ஆடிய ரம்மி பற்றிய வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்றது தீர்ப்பு. நிறுவனங்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசைப் பணத்திலிருந்து ‘ரேக்’ என்று ஒரு பங்கை உருவிக்கொள்வதுதான் செயலியின் பிழைப்பே. யார் ஜெயித்தாலும் செயலிக்குப் பங்கு உண்டு. தீர்ப்பின் அந்த வரியை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் போடவில்லை.

சட்டம் யாரிடம் திறமையைக் கண்டது, யாரிடம் குற்றத்தைக் கண்டது என்பதையும் பாருங்கள். கிண்டியில் ஓடும் குதிரைமேல் பணம் கட்டுவது திறமை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலத்தடியில் உட்கார்ந்து வெட்டுச்சீட்டு ஆடும் சுமைதூக்கும் தொழிலாளி 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் பிடிபடுவார். மறுநாள் நாளிதழில் ‘சூதாடிய ஐந்து பேர் கைது’ என்று பெயரோடு செய்தி வரும். செயலி நடத்துபவருக்கு ‘இளம் தொழில்முனைவோர்’ விருது கிடைக்கும்.

திறமை என்ற சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. தோற்றவரைக் கூனிக்குறுக வைக்கிறது. அதிர்ஷ்டத்தில் தோற்றால் விதியைத் திட்டலாம். திறமையில் தோற்றால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறையாகப் பட்டணத்துக்குப் படிக்க வந்த மாணவர் உதவித்தொகையைத் தொலைத்தால், வீட்டில் சொல்லமாட்டார், நண்பர்களிடம் சொல்லமாட்டார். கடன் செயலியிடம் போவார். அது அவருடைய தொடர்பு எண்கள் அத்தனைக்கும் அழைத்து மானத்தை வாங்கும். பொறுப்பாக ஆடு என்ற வாசகம் அவர் வாயை மேலும் அடைக்கிறது. பொறுப்பில்லாதவர் என்ற பட்டத்தைத் தானே எப்படிச் சூடிக்கொள்வார்?

இழப்பும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தாத்தா நிலமும் அப்பா வீடும் உள்ளவருக்கு 2 லட்சம் போனால் அது ஒரு கசப்பான பாடம். நிலமில்லாத வீட்டில் அந்த 2 லட்சம் தங்கையின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மகளிர் குழுக் கடன், பத்தாண்டு உழைப்பு. தலைமுறைச் சொத்து சேர விடாத சாதிச் சமூகத்தில் விழுந்தவரைத் தாங்கும் வலை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது பிறப்பிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்ற வாசகம் இந்த இருவரையும் சமமாகப் பாவிப்பதாகக் காட்டிக்கொள்கிறது. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவது எவ்வளவு பெரிய அநீதி என்று சமூக நீதி இயக்கத்தவருக்கு விளக்கத் தேவையில்லை.

எதை எதிர்த்து வழக்குப் போடுகிறார்கள்?

ஒரு விதி உண்மையிலேயே வேலை செய்யுமா என்று அறிய எளிய வழி உண்டு. நிறுவனங்கள் எதை ஏற்றுக்கொள்கின்றன, எதை எதிர்த்து நீதிமன்றம் போகின்றன என்று பாருங்கள்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிகள் கொண்டுவந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை தோன்ற வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டமே கூடாது, ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றன அவை. நிறுவனங்கள் முக்கியமாக எதிர்த்து வாதாடியது நள்ளிரவுத் தடையையும் ஆதார் சரிபார்ப்பையும்தான். அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகளை உறுதி செய்தது. எச்சரிக்கை ஒரு செலவு. தூங்கும் நேரத்தில் ஆட்டம் நிற்பது இழப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

பிரிட்டனிலும் அப்படித்தான். வாசகத்தை நிறுவனங்களே செலவழித்து ஒட்டின. பந்தயக் கடை இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கான உச்சப் பந்தயத்தை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைக்கும் பேச்சு வந்ததும் கடைகள் மூடப்படும், வேலைகள் போகும் என்று அலறின. நடைமுறை தள்ளிப்போனதைக் கண்டித்து 2018இல் துறை அமைச்சர் டிரேசி கிரௌச் பதவி விலகினார். அதன் பிறகே 2019 ஏப்ரலில் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. ஏன் இவ்வளவு எதிர்ப்பு? பிரிட்டன் பிரபுக்கள் அவையின் குழு 2020இல் சொன்ன கணக்கு அதற்கு விடை. சூதாட்டத் துறையின் லாபத்தில் 60 விழுக்காடு, ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் அல்லது சிக்கலின் விளிம்பில் நிற்கும் 5 விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது. எல்லோரும் உண்மையிலேயே பொறுப்பாக ஆடினால் இந்தத் தொழில் படுத்துவிடும்.

நம் கோரிக்கை

இது ஒழுக்கப் போதனை அல்ல. குடிக்காதே, ஆடாதே, சினிமா பார்க்காதே என்று உழைக்கும் மக்களுக்கு உபதேசம் செய்யும் மேட்டிமை நமக்கு வேண்டாம். வெறும் போலீஸ் தடையும் வேண்டாம். தடியடி முதலில் விழுவது எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும். 2022 தமிழ்நாட்டுச் சட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை என்றது. 2025 ஒன்றியச் சட்டம் அந்த வகையில் மேலானது. அது நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றம் செய்து தருபவர் ஆகியோரைத்தான் தண்டிக்கிறது, ஆடுபவரை அல்ல. சட்டம் நீதிமன்றத்தில் நின்றாலும் விழுந்தாலும் இந்தத் திசை மாறக் கூடாது.

பங்குச்சந்தைச் செயலி, வெளிநாட்டுப் பந்தயத் தளம், நாளை வேறு பெயரில் வரப்போகும் ரம்மி என எல்லாவற்றுக்கும் பொருந்தும் சில கோரிக்கைகளை முன்வைப்போம்.

பொறுப்பைப் பணம் வாங்குபவர்மேல் வையுங்கள். ஒருவர் இழப்பைத் துரத்தி விடிய விடிய ஆடுகிறார் என்பது செயலியின் தரவுக்கு அவர் மனைவிக்குத் தெரியும் முன்பே தெரியும். தெரிந்தும் ‘போனஸ்’ அனுப்பினால் அது குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும். கடன் பணத்தில் ஆடும் வழியை அடையுங்கள். பிரிட்டன் 2020இலேயே கடன் அட்டையில் சூதாடுவதைத் தடை செய்தது. விளம்பரத்தில் 20 விழுக்காடு எச்சரிக்கை வேண்டாம், 100 விழுக்காடு விளம்பரமே வேண்டாம், மாற்றுப் பெயரில் வரும் மறைமுக விளம்பரம் உட்பட. நிறுவனங்களின் தரவு, அவர்களிடம் நிதி வாங்காத ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஆட்டப் பணத்தின்மேல் அரசு 28 விழுக்காடு வரி வாங்கியது. அந்தப் பணத்தில் எவ்வளவு மாவட்ட மருத்துவமனைகளில் சூதாட்ட அடிமைத்தன சிகிச்சைக்குப் போனது என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டும்.

சிக்கியிருக்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. இது உங்கள் திறமைக் குறைவு அல்ல, வெட்கப்பட எதுவுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். கடன் செயலி மிரட்டினால் தனியாகப் பயந்து கிடக்காமல் நண்பரையோ வழக்கறிஞரையோ அமைப்புத் தோழரையோ அழையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்பர் ஒருவர் பணம் தொலைத்தார் என்று கேள்விப்பட்டால், ‘ஏன் ஆடினாய்?’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்மேல் ஏவிவிட நிறுவனங்கள் கோடி கோடியாய்ச் செலவழித்திருக்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி, யார் ஆட வைத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பதே.